சுண்ணாம்பில் போட்ட சமையலறை

எங்கள் தெருவில் காலியாகும் வீடுகளின் சாவிகள் பதினொரு வருடம் என் வீட்டு ஆணியில்தான் தொங்கின. வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரர்கள் என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். வாடகைக்குப் பார்க்க ஆள் வந்தால் நான் போய்த் திறந்துவிட வேண்டும். தெருவில் என் பெயரே சாவிக்காரி என்றாகிவிட்டது. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். புது ஆட்களைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்த வேலைக்குப் பேச்சு தேவைப்படாதது எனக்குப் பெரிய வசதி.

கதவைத் திறப்பவளை யாரும் கவனிப்பதில்லை. நான் எல்லோரையும் கவனித்தேன். ஆண்கள் கூடத்திலேயே நின்று வண்டி விட இடம் உண்டா என்று கேட்பார்கள். பெண்கள் நேரே சமையலறைக்குப் போய், இல்லாத அடுப்பின் முன் நின்று இரண்டு கைகளையும் விரித்துப் பார்ப்பார்கள். வயதான ஒருவர் குளியலறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று ஆட்டிப் பார்த்தார். உள்பக்கம் என்றால், தான் விழும்போது கதவை அடைத்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான் என்றார். எல்லாம் பார்த்துவிட்டு "சொல்றோம்" என்பார்கள். உண்மையை மாடிப்படி இறங்கும்போதுதான் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். அதனால் பூட்டிவிட்டு இரண்டு படி பின்னாலேயே இறங்கப் பழகினேன். காதில் விழுந்ததைக் காலண்டர் தாளின் பின்புறம் எழுதிவைத்தேன். காற்று வரவில்லை. சமையலறையில் திரும்ப முடியாது. அலமாரி வைத்தால் கட்டில் போகாது.

அப்பாவின் பழைய வீடு சரிந்த பிறகு அந்த மனை அண்ணனுக்கும் எனக்கும் பொதுவாக வந்தது. நாலு வீடு கட்டி வாடகைக்கு விடுவது என்று அண்ணன் முடிவு செய்து, இன்ஜினியரிடம் படம் போட்டு வாங்கிவந்தார். கையெழுத்துக் கேட்டபோது நான் படத்தை விரித்து வெகுநேரம் பார்த்தேன். படிகளில் நான் கேட்ட குறைகள் அத்தனையும் அதில் இருந்தன. மூன்று வீடு போதும் என்றேன்.

"கதவு தொறந்து விடுறவளுக்குக் கட்டடத்தப் பத்தி என்ன தெரியும்?" என்றார் அண்ணன்.

படத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, இந்த அம்மாவுக்குப் படம் பார்க்கத் தெரியாது என்று கூட வந்திருந்த இன்ஜினியர் சிரித்தார். நான் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுநாள், காலி வீடுகளில் பூச்சு வேலைக்கு வரும் மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு மனைக்குப் போனேன். படத்தில் இருந்த ஒரு வீட்டை அப்படியே, முழு அளவில், தரையில் சுண்ணாம்புத் தூளால் போட்டோம். சமையலறையில் என் அடுப்பை வைத்தேன். பாத்திரம் கழுவும் இடத்தில் ஒரு வாளி, பிரிட்ஜுக்குப் பதில் ஓர் அட்டைப்பெட்டி. பிறகு அண்ணனையும் இன்ஜினியரையும் வரச் சொல்லி, ஒருவரை அடுப்பின் முன்னும் மற்றவரை வாளியின் முன்னும் நிற்கவைத்தேன். கோட்டை மிதிக்கக் கூடாது என்றேன். இருவர் முதுகும் ஒட்டிக்கொண்டன.

"இன்னும் கொஞ்சம் நெருங்கினீங்கன்னா கல்யாணத்தப் பேசி முடிச்சிடலாம் சார்" என்றார் மேஸ்திரி.

அண்ணன் முகம் கறுத்துப்போனது. "நாலு வீடு. இல்லன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"போடாதீங்கண்ணே. நானும் போடல."

நான் அவ்வளவு சத்தமாகப் பேசி மேஸ்திரிகூடக் கேட்டதில்லை.

இரண்டு கையெழுத்தும் இல்லாமல் ஒரு செங்கல் வைக்க முடியாது. மனை அப்படியே கிடந்தது. நான் பழைய கோட்டைத் துடைப்பத்தால் கலைத்துவிட்டு, எனக்குத் தெரிந்தபடி மூன்று வீடுகளைப் போட்டேன். மழை பெய்தால் கரைந்துவிடும். வெயில் வந்ததும் மறுபடி போடுவேன். தெருவில் கேலி தாங்கவில்லை. "குடிபோயாச்சா?" என்பார் ஒருவர். "காத்தோட்டத்துக்கு ஒண்ணும் குறையில்ல, கூரைதான் காணோம்" என்பார் இன்னொருவர். அண்ணன் வீட்டோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது. எனக்கென்று இருந்தது அந்த மனையில் பாதிதான், அது வீணாய்க் கிடப்பது எனக்கும் வலித்தது. ஆனால் குடிவருகிறவர்கள் படியிறங்கும்போது திட்டிக்கொண்டு போகிற இன்னொரு வீட்டுக்கு நான் சாவி வைத்திருக்கத் தயாராக இல்லை.

எட்டாவது மாதம், தெருப் பேச்சு பொறுக்காமல், அண்ணி அண்ணனை இழுத்துக்கொண்டு வந்தார். கோட்டை எங்கும் தாண்டாமல், வாசலுக்கு விட்டிருந்த இடைவெளி வழியாகவே உள்ளே நுழைந்தார். சமையலறையில் நின்று இரண்டு கைகளையும் விரித்தார். மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். அண்ணன் "சொல்றேன்" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல்லை எனக்குத் தெரியாதா? அவர்கள் கிளம்பியதும் இரண்டு அடி பின்னால் நடந்தேன்.

"உங்க நாலு வீட்டுல ஏதாவது ஒண்ணுல என்னைக் குடிவைப்பீங்களா?" என்று அண்ணி கேட்டார்.

அண்ணன் தெருமுனைவரை வேகமாக நடந்தார். பிறகு சொன்னார்: "மழைக்கே அசராதவ. எனக்கா அசரப்போறா?"

அதற்குப் பிறகு வேறு நாலு மனைகளில் வீடு கட்டி விற்றிருக்கிறேன். தொழிலை எங்கே கற்றாய் என்று யாராவது கேட்டால், அண்ணி வந்து பார்த்ததற்கு அடுத்த வாரம் நடந்ததைத்தான் சொல்வேன். இன்ஜினியர் மூன்று வீட்டுக்கான படத்தைக் கொண்டுவந்தார். நான் விரல் வைத்து ஒவ்வோர் அளவாகப் படித்தேன். சமையலறையில் அரை அடி குறைந்து, கூடத்தில் அரை அடி கூடியிருந்தது. கூடம் பெரிதாக இருந்தால்தான் பார்க்க எடுப்பாக இருக்கும் என்றார். நான் வாதாடவில்லை. சுண்ணாம்பு மீதி இருக்கிறதா என்று மேஸ்திரியிடம் கேட்டேன்.

"மாத்திக் குடுத்துடுங்க சார்" என்றார் அண்ணன் அவசரமாக. "இல்லன்னா நம்ம ரெண்டு பேரையும் மறுபடியும் சமைக்க விட்டுடுவா."