மிட்டாய் கரைத்த தண்ணீர்

எனக்கு முதல் வேலை கிடைத்தது இராஜாக்கமங்கலத்துக்குப் பக்கத்தில், கடலிலிருந்து ஒரு மைல் உள்ளே இருந்த ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில். அப்போது எனக்கு வயது பத்தொன்பது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். அப்பா கிறிஸ்தவ சபையில் உபதேசியார். பெண் பிள்ளை வேலைக்குப் போவதைப் பெருமையாக நினைத்த அபூர்வமான மனிதர். அவரே தகரப் பெட்டியைத் தலையில் சுமந்து வந்து என்னை விட்டுவிட்டுப் போனார்.

ஓலை வேய்ந்த ஒரே கூடம். நடுவில் ஒரு தட்டி. அந்தப் பக்கம் தலைமையாசிரியர் நாலாம் வகுப்புக்காரர்களோடு இருப்பார். இந்தப் பக்கம் முதல் மூன்று வகுப்பும் எனக்கு. இருபத்துமூன்று பிள்ளைகள். அப்பன்மார் பனை ஏறப் போனார்கள், அல்லது கடலுக்கு. அம்மைமார் காயலோரம், தண்ணீரில் ஊறிய தொண்டு என்கிற தேங்காய் மட்டையை அடித்து, கயிறு திரிக்கத் தும்பு நார் எடுத்தார்கள். காலையில் பழங்கஞ்சி குடித்துவிட்டு வரும் பிள்ளைகள் பத்து மணிக்கே தூங்கி விழுந்தன.

நாகர்கோவிலில் எனக்குப் பயிற்சி கொடுத்தவர்கள், கணக்கு முதலில் பிள்ளையின் கைக்கு வரவேண்டும், சிலேட்டுக்கு அப்புறம் வந்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்காகப் புளியங்கொட்டை கொடுத்தேன். அது அவர்கள் வீட்டுத் தின்பண்டம். வறுத்துத் தின்று அலுத்தது. யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு சனிக்கிழமை கோட்டாறு கடைத்தெருவுக்குப் போய் ஒரு பொட்டலம் கலர் மிட்டாய் வாங்கிவந்தேன். கோலிக்குண்டு அளவில் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக இருக்கும். திங்கட்கிழமை அதைப் பாயில் கொட்டியபோது தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை ஒன்றுகூட மிச்சமில்லை.

அந்த மூன்று மாதம் நான் நல்ல ஆசிரியையாக இருந்தேன். அதற்குப் பிறகு ஒருநாளும் அப்படி இருந்ததில்லை. சிவப்பு இத்தனை, பச்சை இத்தனை என்று பிரித்துவைத்துக் கூட்டினோம், கழித்தோம். தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி எடுத்த கருப்பட்டியை வாங்கி அரை, கால், அரைக்கால் என்று வெட்டினோம். இரண்டு கருப்பட்டியை முகத்தோடு முகம் சேர்த்துப் பிடித்து, இதுதான் பூமி, நாம் இருப்பது இந்தப் பொருத்துக்குக் கொஞ்சம் மேலே என்று காட்டினேன். பாடம் முடிந்தால் பாடப்பொருளைத் தின்றுவிடலாம் என்பது சட்டம். வராத பிள்ளைகளும் வரத் தொடங்கின. தலைமையாசிரியர் தட்டிக்கு மேலே எட்டிப் பார்த்து, "பிள்ளைக படிக்க வருதா, மிட்டாய் தின்ன வருதா?" என்று கேட்பார். கேட்டுவிட்டுத் தானும் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். நல்ல மனிதர்தான்.

மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். ஒன்பது வயது. அப்பன் குலசேகரம் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டப் போய், மாதத்துக்கு ஒருமுறை வருகிறவன். அம்மைதான் தும்பு அடித்து அவளையும் தங்கை ஒருத்தியையும் காப்பாற்றினாள். மற்ற பிள்ளைகள் வாயில் போட்ட மிட்டாய் அடுத்த நிமிஷம் இருக்காது. இவள் மட்டும் உறிஞ்சி உறிஞ்சி வெளியே எடுத்து, எவ்வளவு சிறிதாகியிருக்கிறது என்று பார்ப்பாள். ஒருநாள், "டீச்சர், குறஞ்ச பாகம் எங்க போச்சு? வயித்துக்கா, துப்பலுக்கா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் நான் அந்த வெள்ளிக்கிழமைப் பாடத்தையே யோசித்தேன்.

பங்குனி மாதம். பள்ளிக்குப் பின்னால் இருந்த ஊர்க்கிணறு வற்றி, வாளி அடியில் மணல் உரசும் காலம். இரண்டு பாத்திரம் எடுத்துக்கொண்டேன். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர் அப்படியே. இன்னொன்றை மூன்று கல் கூட்டிய அடுப்பில் வைத்துச் சுடவைத்தேன். இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் சிவப்பு மிட்டாயைப் போட்டு, பிள்ளைகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து உட்காரவைத்தேன். ஒன்று, இரண்டு என்று எல்லோரும் கூவி எண்ணினார்கள். சுடுதண்ணீரில் சிவப்பு நூல்நூலாக இறங்கியது. முந்நூறு எண்ணுவதற்குள் மிட்டாய் ஒன்றும் இல்லை. சுடவைக்காத பச்சைத் தண்ணீரில் உருண்டைகள் கொஞ்சம் இளைத்து அப்படியே கிடந்தன.

"மிட்டாய் எங்கே போச்சு?" என்று கேட்டேன்.

"மாஞ்சு போச்சு" என்றார்கள் பலர்.

அந்தப் பெண் எழுந்து நின்றாள். "போவல்ல டீச்சர். வெள்ளத்துக்குள்ளதான் கெடக்கு. கண்ணுக்குத் தெரியல்ல, அவ்வளவுதான். குடிச்சுப் பாத்தா தெரியும்."

தண்ணீரை வெள்ளம் என்பது அந்த ஊர்ப் பேச்சு. நான் சொல்லவேண்டியதை அவளே சொல்லிவிட்டாள். "சரி, குடிச்சுப் பாருங்க" என்றேன்.

சிரட்டையால் மொண்டு மொண்டு குடித்தார்கள். சுடுதண்ணீர்க் கூட்டம் சுடுதண்ணீரை. மற்றக் கூட்டம் பச்சைத் தண்ணீரை. அவள் பச்சைத் தண்ணீர்க் கூட்டத்தில் இருந்தாள். கடைசியாகத்தான் குடித்தாள், அடியில் கரையாத மிட்டாய் கிடப்பது அவளுக்குத் தெரியும். பாத்திரத்தையே இரண்டு கையாலும் தூக்கி, மண்டியோடு கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுச் சிவந்த நாக்கை எனக்குக் காட்டினாள்.

அன்று கடற்கரைப் பக்கம் ஒருவருக்கு வாந்திபேதி கண்டிருந்தது. அது எனக்குத் தெரியாது. நான் யாரையும் விசாரிக்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாதி இடம் காலியாக இருந்தது. திங்கட்கிழமை காலையில் வகுப்புக்கு எட்டுப் பேர் வந்தார்கள். மதியத்துக்கு முன்னால் தலைமையாசிரியர் மணியடித்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார். அன்று சாயங்காலம் அந்தப் பெண் இறந்துபோனாள். ஞாயிறு இரவு தொடங்கியதாம். நான் போனபோது பாயில் சுருட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். யாரையும் கிட்டே விடவில்லை. அம்மைக்காரி வாசலில் உட்கார்ந்து இரண்டாவது பிள்ளையை இடுக்கிப் பிடித்திருந்தாள். அழவில்லை. அந்தப் பிள்ளைக்கும் வந்துவிடுமோ என்று அதன் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். கிணற்றில் மருந்து போட்டார். தண்ணீர் ஊதா நிறமாகிவிட்டது. பள்ளி முற்றத்தில் ஊரைக் கூட்டிவைத்துச் சொன்னார்: "நோய் தண்ணிக்குள்ளதான் இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. கொதிக்கவச்சா செத்துப்போகும். பச்சத் தண்ணிய யாரும் வாயில வைக்கக் கூடாது." நான் பெண்கள் கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தேன். உட்கார்ந்துவிட்டேன். வெயில் என்று நினைத்து யாரோ விசிறினார்கள்.

என் வகுப்பில் ஆறு பேருக்குக் கண்டது. இரண்டு பேர் இறந்தார்கள். அந்த ஆறு பேரும் எந்தப் பாத்திரத்தில் குடித்தார்கள் என்று நான் எத்தனை முறை கணக்குப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. நாலு பேர் பச்சைத் தண்ணீர். இரண்டு பேர் சுடுதண்ணீர். அப்படியானால் என் பாத்திரம் காரணமில்லை என்று ஒருநாள் நினைப்பேன். ஊர் முழுவதும் அந்தக் கிணற்றில்தானே குடித்தது, பள்ளிக்கூடப் படி ஏறாதவர்களும்தானே செத்தார்கள் என்று சொல்லிக்கொள்வேன். மறுநாளே, அந்தச் சுடுதண்ணீர் கொதித்ததா, வெறுமே சூடானதா என்று மனம் கேட்கும். குமிழ் வந்தது ஞாபகமில்லை. கைபொறுக்காத சூடு என்று இறக்கிவைத்ததுதான் ஞாபகம். இருபத்துமூன்று பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளால் இந்த ஒரு கணக்கைப் போட முடியவில்லை.

தலைமையாசிரியரிடம் மட்டும் சொன்னேன். அவர் வாசலில் யாரும் நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். பிறகு, "இந்த மிட்டாய்க் காரியத்த இனி யாருகிட்டயும் பேசண்டாம், அம்மா. தெரிஞ்சுதுண்ணா ஒருத்தனும் பிள்ளைய அனுப்பமாட்டான். பள்ளிக்கூடம் பூட்டிப்போவும்" என்றார். மீதி மிட்டாயை நானே கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தேன். இரண்டு நாள் அந்த இடத்தில் எறும்பு மொய்த்தது.

ஆறு வாரம் கழித்துப் பள்ளி திறந்தோம். பதினோரு பிள்ளைகள் வந்தார்கள். ஒருவரும் மிட்டாய் கேட்கவில்லை. நானும் பிரம்பை எடுத்து வாய்ப்பாடு சொல்லவைத்தேன்.

ஒரு மாதம் போயிருக்கும். பிள்ளைகள் போன பிறகு அந்த அம்மைக்காரி வந்தாள். இரண்டாவது மகளைக் கையில் பிடித்திருந்தாள். கையெல்லாம் தும்பு அடித்துக் காய்த்து, தொண்டு ஊறிய நாற்றம் அவள் மேலே இருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"டீச்சரம்மா, இவளயும் சேக்கணும்."

"சேக்கலாம்" என்றேன்.

"ஒரு காரியம் கேக்கணும்ணு கொஞ்ச நாளா நெனைக்கேன். கோவிச்சுக்கப்பிடாது."

"கேளுங்க."

"அண்ணைக்கு வெள்ளியாழ்ச்ச வீட்டுக்கு வந்து, மிட்டாய் வெள்ளம் குடிச்சேம்ணு நாக்கக் காட்டினா. ரெண்டு பாத்திரம் வச்சியளாமே? ஒண்ணு சுடு வெள்ளம், ஒண்ணு பச்ச வெள்ளம்ணு சொன்னா. அவ எதக் குடிச்சாண்ணு நான் கேக்கல்ல. அப்பம் கேக்கத் தோணல்ல. அவ எதக் குடிச்சா, டீச்சரம்மா?"

என் கண்ணுக்கு முன்னால் அந்தப் பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்த சின்ன முகம் தெரிந்தது.

"சுடுதண்ணி" என்றேன். "நல்லாக் கொதிச்ச தண்ணி."

பள்ளிக்கூடம் மூடிவிடும் என்பதற்காகச் சொன்னேனா, என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னேனா, அவள் மனம் ஆறட்டும் என்று சொன்னேனா, எனக்குத் தெரியாது. சொல்லும்போது யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது.

அவள் தலையை ஆட்டினாள். ஒருமுறை, இரண்டுமுறை. பிறகு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பம் நான்தான்" என்றாள்.

"என்ன சொல்லுதிய?"

"சனியாழ்ச்ச காலம்பற தாகமா இருக்கு அம்மாண்ணு சொன்னா. குடத்துல வெள்ளம் இல்ல. நான் தும்புக்குப் போற அவசரத்துல, கிணத்துல கோரி அப்படியே குடுத்தேன். பள்ளிக்கூடத்து வெள்ளமா இருக்கும்ணு ஒரு நெனப்பு இருந்துது. அதுனாலதான் ஒறங்க முடிஞ்சுது எனக்கு. இப்பம் தெரிஞ்சுபோச்சு. எனக்க கையாலதான் குடுத்திருக்கேன்."

"இல்ல, அப்படி நினைக்காதீங்க. ஊரு முழுக்க அந்தக் கிணத்துலதானே..."

"ஊரு குடிச்சுது. எனக்க பிள்ள எனக்க கையாலல்லா குடிச்சுது."

அந்த நிமிஷம் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவள் எழுந்து சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க நல்லாயிருக்கணும், டீச்சரம்மா. ஒளிக்காமச் சொன்னியளே" என்று கும்பிட்டாள். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெம்பில்லை.

சின்னவள் என் வகுப்பில் இரண்டு வருடம் படித்தாள். கெட்டிக்காரி இல்லை, சொன்னதைக் கேட்டு எழுதுவாள், அவ்வளவுதான். அம்மைக்காரி வரவர இளைத்தாள். தண்ணீர் கோர ஊர்க்கிணற்றுக்கு வருவதை நிறுத்திவிட்டாள்; அடுத்த ஊர்வரை குடத்தோடு நடந்து போய் வந்தாள். வழியில் என்னைக் கண்டால் மட்டும் நின்று கும்பிடுவாள். அந்தக் கும்பிடுக்குப் பயந்து நான் காயலோரப் பாதையை விட்டு வயல் வரப்பு வழியாகச் சுற்றிப் போகத் தொடங்கினேன். கடைசியில் மாற்றல் கேட்டு எழுதிப்போட்டேன். குலசேகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி கொடுத்தார்கள். தலைமையாசிரியர் வழியனுப்ப வந்தார். இருவரும் வண்டி வரும்வரை மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

புது இடத்தில் முதல் வருடம் ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். உங்கள் மகள் குடித்தது பச்சைத் தண்ணீர், நான் கொடுத்தது, என்று இரண்டு வரி எழுதிவிட்டு நிறுத்தினேன். அந்த அம்மைக்குப் படிக்கத் தெரியாது. கடிதம் போனால் சின்னவள்தான் எடுத்து உரக்கப் படித்துக் காட்டவேண்டும். நான்தான் அவளுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தேன். எழுத்துக்கூட்டி, ஒரு சொல்லும் விடாமல், அம்மையின் முகத்தைப் பார்த்தபடி படிப்பாள்.

காகிதத்தைக் கிழித்துப்போட்டேன். அடுத்த வருடமும் எழுதினேன், அதற்கடுத்த வருடமும். ஒன்றையும் அனுப்பவில்லை.