மலைக்கு அங்கிட்டு

உத்தமபாளையத்தில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். அன்று கரும்பலகையில் அமெரிக்க வரைபடத்தைப் போட்டு, குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். கோட்டுக்குத் தெற்கே மனிதரை அடிமையாக வைத்துக்கொள்ளலாம், வடக்கே கூடாது. பருத்தி போட்டுப் போட்டு மண் சத்துக் கெட்டது. பண்ணைக்காரர்களுக்குப் புது நிலம் வேண்டியிருந்தது. நாடு மேற்கே விரிய விரிய, சேர்ந்த மண்ணுக்கெல்லாம் அடிமைச் சட்டம் செல்லுமா செல்லாதா என்பதே சண்டை.

"தப்பிச்சு வடக்க போயிட்டா விட்ருவாகளா சார்?"

கேட்டவள் தேவாரத்திலிருந்து வரும் மாணவி. அவள் அம்மா மலைக்கு மேலே, கேரளத்து ஏலத்தோட்டத்தில் தங்கி வேலை செய்வதாகத் தெரியும்.

"இல்லம்மா. அங்க போயும் பிடிச்சுட்டு வரலாம்னு சட்டமே இருந்துச்சு."

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தாள்.

"அம்மா காட்டுப்பாதையில நடந்தே வந்துட்டாக சார். வாங்குன முன்பணம் கழியலன்னு ஆறு மாசமா வெளிய விடலயாம். சித்தி இன்னும் அங்கனதான் இருக்காக. தோட்டத்து ஜீப்பு ரெண்டு நாளா எங்க தெருவுலயே நிக்குது."

மதியமே தாயையும் மகளையும் அரசு அலுவலகம் ஒன்றுக்கு அழைத்துப் போனேன்.

"எங்க நடந்துச்சு?" என்றார் அதிகாரி.

"மலைக்கு அங்கிட்டு."

"அப்ப மனுவ அங்கிட்டுத்தான குடுக்கணும்?"

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் நாடு முழுக்க ஒன்றுதானே என்று வாதாடினேன். அரைமனதாக வாங்கிக்கொண்டார்.

அவர்களை வீட்டில் விடப் போனபோது ஜீப் அங்கேயே நின்றது. தோட்டத்து மேற்பார்வையாளர் இறங்கி வந்தார். மிரட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை.

"வாங்கக்கா. ஒங்க தங்கச்சி நேத்துலருந்து சாப்பிடாமக் கெடக்கு."

மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். "போகாதம்மா. சார் இருக்காகள்ல."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "தங்கச்சிக்கும் சேத்துத்தான் மனு குடுத்திருக்கோம்" என்று மட்டும் சொன்னேன். மகளின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, அவரே ஜீப்பில் ஏறினார்.

மூன்று வாரம் கழித்து இரண்டு மாநில அதிகாரிகளும் சேர்ந்து மேலே போனார்கள். மாணவியோடு நானும் போனேன். தோட்டத்துக் குடியிருப்பு காலியாகக் கிடந்தது. அடுப்புகளில் ஈரச் சாம்பல். முதலாளி இன்னும் உள்ளே தள்ளிப் புதுக் காடு குத்தகைக்கு எடுத்திருக்கிறார், ஆட்களையெல்லாம் அங்கே ஏற்றிப்போய்விட்டார்கள் என்றார் காவல்காரர். எந்த இடம் என்று கேட்டதற்கு, மேகம் மூடிக்கிடந்த முகடுகளைக் காட்டினார்.

அதிகாரிகள் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கினார்கள். மறுநாளிலிருந்து மாணவி வகுப்புக்கு வரவில்லை. மலைக்கு அங்கிட்டுப் போக, போடிமெட்டு ஏறும் பஸ்ஸில் தனியாக உட்கார்ந்திருந்தாள் என்று அவளோடு படிக்கும் பெண் சொன்னாள்.