அது வேற பிட்டர்

பிட்டர் ஏழுமலை போய்விட்டார். இன்று காலை… நெஞ்சு வலிக்கிறது என்றாராம், ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

எனக்கு எழுதத் தெரியாது. போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. ஆனால் 'பிட்டர்' என்று எத்தனை தடவை கத்தினாலும் 'ட்விட்டர்' என்றே போடுகிறது, கடைசியில் மகள்தான் திருத்திக் கொடுத்தாள்.

போனைச் சொல்லிக் குற்றமில்லை. பிட்டர் என்றால் என்ன வேலை என்று எனக்கே ரொம்ப நாள் புரியவில்லை.

புதுப்பட்டினத்தில் நான் வேன் ஓட்ட வந்த புதிது. ஒரு நாள் வண்டி நடு ரோட்டில் நின்றுவிட்டது. டீக்கடையில் ஒருவரைக் காட்டி, "அதோ பிட்டர்" என்றார்கள். போய்க் கூப்பிட்டேன்.

"அண்ணாத்த, வண்டி மக்கர் பண்ணுது. கொஞ்சம் வந்து பாரு."

"அது வேற பிட்டர்" என்றார். கையில் இருந்த டீயைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அப்ப நீ இன்னா பிட்டர்?"

"பைப் பிட்டர். கல்பாக்கத்துல காண்ட்ராக்ட் வேலை. ரெண்டு பைப்ப வாய்க்கு வாய் வெச்சு, கோணாம நிறுத்திக் குடுப்பேன். வெல்டர் வந்து பத்த வெப்பான்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, அடுத்த பைப்பு."

என் இன்ஜினை அவர் தொடவே இல்லை. டீயைக் குடித்து முடித்து, கடையில் இருந்த எல்லாரையும் கிளப்பிவிட்டு, மெக்கானிக் ஷெட் வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்… அப்படித்தான் பழக்கம்.

அதற்கப்புறம் போகிற இடமெல்லாம் விசாரித்தேன். மாமல்லபுரம் பக்கம் படகுக்கு இன்ஜின் மாட்டுகிறவர் பிட்டர். கூடுவாஞ்சேரி ஃபிளாட்டில் பாத்ரூம் குழாய் மாட்டுகிறவரும் பிட்டர்.

எங்கள் ஸ்டாண்டில் ஒருத்தன் இருந்தான். இவனைப் பற்றி அவனிடம் சொல்லி, அவனைப் பற்றி இவனிடம் சொல்லி, நன்றாக இருக்கிற ரெண்டு பேருக்குள் சண்டை மூட்டிவிடுவான். 'பிட்டிங் போடுறான்' என்போமே, அது. அவனுக்கும் பிட்டர் என்றுதான் பேர்! அவன் கதை பெரிய கதை, விடுங்கள்.

ஏழுமலைக்குப் பெண் பார்க்க அச்சரப்பாக்கம் பக்கம் என் வேனில்தான் போனோம். அவர், அவருடைய அக்கா, தரகர், நான்.

தரகர் மதுராந்தகத்தில் பஜ்ஜி தின்றே தீருவேன் என்று வண்டியை நிறுத்தச் சொன்னார். தின்ற கையோடு மாப்பிள்ளை தோளைத் தட்ட, புதுச் சட்டையில் எண்ணெய்க் கறை. அக்கா ஊர் போய்ச் சேருகிற வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தார்.

ஏழுமலை எதையும் கவனிக்கவில்லை. பெண்ணின் போட்டோவை எடுப்பதும் பார்ப்பதும் பையில் வைப்பதுமாக இருந்தார். பேர் செல்வி.

"ரெண்டு எடம் தட்டிப் போச்சு மச்சான். இதுவாவது அமையணும்" என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

அங்கே போனால் எங்களை உட்காரக்கூட விடவில்லை.

"மாப்ள, நாஸ்தா அப்புறம். மொதல்ல வந்து மோட்டார பாருங்க" என்றார் செல்வியின் அப்பா.

போர் மோட்டார் ஓடாமல் நெல்லு காய்ந்துகொண்டிருந்தது. அவர்கள் பக்கம் பிட்டர் என்றால் போருக்குள் மோட்டார் இறக்குகிறவர். மாப்பிள்ளை பிட்டர் என்று கேட்டதும் அவர் ஏன் அவ்வளவு அவசரமாக வரச் சொன்னார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

தரகர் ஏழுமலை காதில் கிசுகிசுத்தார். "தெரியும்னு சொல்லு நைனா. தட்ட மாத்திக்கலாம், அப்புறம் பாத்துக்கலாம்."

ஏழுமலை வீட்டுக்குப் பின்னால் இருந்த போர் குழாய்க்குள் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்… சரி, தலையாட்டப் போகிறார் என்றே நினைத்தேன்.

"மாமா, இது வேற பிட்டர். எனக்குத் தெரியாது."

"பிட்டர்ல இன்னாய்யா வேற பிட்டரு?"

நான் சும்மா இருந்திருக்கலாம். "டாக்டர்லயே பல்லு டாக்டரு, மாட்டு டாக்டருன்னு இல்லியா, அது மாரி" என்றேன்.

செல்வியின் அப்பா தரகரைப் பிடித்துக்கொண்டார். "பயிரு காஞ்சுகினு கீது, நீ மாட்டு டாக்டர இட்டுகினு வந்துகிறியே!"

நான் வேன் சாவியை எடுத்துவிட்டேன். ஏழுமலை பையிலிருந்து போட்டோவை எடுத்தார், திருப்பிக் கொடுக்க.

அப்போது கதவுப் பக்கமிருந்து செல்வியின் குரல்.

"நைனா, போன வாட்டி வந்த பிட்டரு எல்லாம் தெரியும்னுதான சொன்னாரு? மோட்டார போருக்குள்ள தவற வுட்டுட்டு ஓடிட்டாரு. இவரு தெரியாதுன்றாரு. இந்த மோட்டாராவது இருந்த எடத்துல கீது இல்ல?"

முதலில் சிரித்தது அக்கா. அப்புறம் அந்த அப்பாவும்… "சரி, காபி குடும்மா" என்றார்.

போட்டோ மறுபடியும் பைக்குள் போனது.

இன்று மத்தியானம் ஏழுமலையின் பையன் அஞ்சலி பிளெக்ஸ் அடிக்கக் கொடுத்தான். அப்பா என்ன வேலை என்று கடைக்காரர் கேட்க, இவன் பிட்டர் என்று சொல்ல… வந்த பிளெக்ஸில் ஏழுமலை அண்ணாத்த போட்டோவுக்குப் பக்கத்தில் பெரிய போர் மோட்டார், தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது.

வாசலில் ஒரே சத்தம். கழற்று, வேறு அடி என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

செல்வி அண்ணி எழுந்து வந்து பார்த்தார்.

"அது வேற பிட்டர்" என்றார்.

பையன் கழற்றப் போனான். அண்ணி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "வுட்றா, இருக்கட்டும். எங்க நைனா கேட்ட மாப்ள இப்பதான் வந்துக்கிறாரு."

நாளைக் காலை எடுக்கிறார்கள். அச்சரப்பாக்கத்துச் சொந்தங்களைக் கூட்டிவர இப்போது வேனை எடுக்கிறேன்.

போய்ட்டு வா அண்ணாத்த…