மாரிச்செல்வி இன்னும் பிரிண்ட் கொடுக்கவில்லை

"வீட்டுல இருந்து யாராச்சும் பேசுங்க. நீங்க யாரு, மச்சினனா? மச்சினன் வேண்டாம். உள்ள போயி பொண்டாட்டியோ மகளோ, அவிய கையில போனக் குடுங்க."

மாரிச்செல்வி போனை ஒரு காதோடு அழுத்திக்கொண்டு இன்னொரு காதை விரலால் அடைத்துக்கொள்கிறாள். எதிர்முனையில் யாரும் பேசக்கூட வேண்டாம். அழுகைச் சத்தம் கேட்டால் போதும். கேட்டால்தான் கம்ப்யூட்டரில் இருக்கும் கண்ணீர் அஞ்சலி பிரிண்டுக்குப் போகும். கேட்கவில்லையென்றால் வந்தவர் எவ்வளவு கத்தினாலும் சரி, அவள் கை மௌஸைத் தொடாது. "ஏம்மா, செத்தவுகளே வந்து சொல்லணுமாக்கும்?" என்று என் காதுபடப் பல பேர் திட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது அந்த ஃப்ளெக்ஸ் கடை. அடுத்தது என் வளையல் கடை. நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான், அவள் தும்மினாலும் எனக்குத் தெரியும். இருவரும் மம்சாபுரத்தில் ஒரே பள்ளி, ஒரே வகுப்பு. நான் பேசிப் பேசியே பிழைக்கிறவள், அவள் பயந்து பயந்தே பிழைக்கிறவள். இருந்தும் எப்படியோ சிநேகம் நீடிக்கிறது.

பிறந்தநாள் பேனரும் அஞ்சலி பேனரும் அவள் திரையில் ஒரே நேரத்தில் திறந்திருக்காது. ஒன்றை மூடிவிட்டு, முகம் கழுவிவிட்டு வந்துதான் மற்றதைத் திறப்பாள். சடங்கு வீட்டுக்காரர்கள் காத்திருந்து கொட்டாவி விடுவார்கள். தன்னை யாரும் போட்டோ எடுக்கவும் விடமாட்டாள். "எதுக்குட்டி? நாளைக்கு எவளாவது வெட்டி ஒட்டவா?" என்பாள். விசைப்பலகைக்கு அடியில் எப்போதும் பொரிகடலை இருக்கும். பயம் கூடினால் பொரிகடலை குறையும், அது எனக்கு ஒரு கணக்கு.

முன்பெல்லாம் இப்படி இல்லை. சேத்தூர் ஐயாதுரை விஷயத்துக்குப் பிறகுதான் இந்தக் கூத்து. அவருக்கு மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். ஆக்சிஜன் குழாயோடு வண்டியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவரும் வழியிலேயே மச்சினன் கடைக்குப் போன் போட்டுவிட்டார். "டாக்டர் சொல்லிட்டாரும்மா. வீட்டுக்கு வந்து கொழாயக் கழத்துனா முடிஞ்சுரும். நீ இப்பவே போட்டு வச்சுரு, பொறவு அலைய முடியாது." எங்கள் பக்கத்தில் இது நடக்கிறதுதான். வண்டி ஊருக்குள் வருமுன் பந்தலும் பேனரும் தயாராகிவிடும். இங்கேயும் தயாராகி, சேத்தூர் பஸ் ஸ்டாப்பில் ஏறியும்விட்டது. வீட்டில் குழாயைக் கழற்றினார்கள். ஐயாதுரை இருமினார், பிறகு தண்ணீர் கேட்டார்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பாவைக் கடைசியாகப் பார்க்கலாம் என்று புருஷன் ஊரிலிருந்து ஓடிவந்த மகள்தான், பஸ் ஜன்னல் வழியே பேனரைப் பார்த்துவிட்டு, பஸ் நிற்பதற்குள் குதித்துக் காலை உடைத்துக்கொண்டாள். கொஞ்ச நாள் கழித்து ஐயாதுரை கடைக்கே வந்தார். "போட்டோ நல்லாத்தான் வச்சிருக்க தாயி. அழிச்சிராத, என்னைக்கிருந்தாலும் வேணும்லா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். மாரிச்செல்வி சிரிக்கவில்லை. அந்தப் பெண் ஊன்றி நடக்கும்வரை சேத்தூருக்குப் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அதன் பிறகுதான் போனில் அழுகைச் சத்தம் கேட்காமல் பிரிண்ட் இல்லை என்று விதி வைத்தாள்.

போன மாதம் ஒரு காலையில் தடுப்புக்கு அந்தப் பக்கம் கடலை மெல்லும் சத்தம் நிற்கவே இல்லை. எட்டிப் பார்த்தேன். திரையில் எங்கள் கனகலட்சுமி டீச்சர் சிரித்துக்கொண்டிருந்தார். மேலே கண்ணீர் அஞ்சலி.

"ஏட்டி, குரூப்பப் பாத்தியா?" என்றாள் மாரிச்செல்வி.

நான் அப்போதுதான் பார்த்தேன். எங்கள் பள்ளி வாட்ஸப் குரூப்பில், டீச்சர் அதிகாலையில் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று யாரோ போட்டிருந்தார்கள். அடியில் வரிசையாகக் கும்பிட்ட கைகள். குரூப்பை நடத்துகிற வல்லரசு பட்டாளத்தில் இருக்கிறான், இப்போது ஜம்முவில். அவன்தான் பேனருக்குச் சொல்லியிருந்தான்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவளுக்கு இல்லை. "போன வருசமும் இப்பிடித்தான சொன்னாக?" என்றாள்.

சொன்னார்கள்தான். டீச்சர் குளியலறையில் வழுக்கி விழுந்ததை எவனோ கேட்டுவிட்டு, குரூப்பில் இறைவனடி சேர்த்துவிட்டான். எல்லோரும் அழுது முடித்த பிறகு அதே குரூப்பில் டீச்சரின் குரல் வந்தது. "நான் இன்னும் இருக்கேன். யாரு யாரு அழுதீக? கையத் தூக்குங்க." குரூப் முழுக்கக் கைகள் உயர்ந்தன. அந்தக் குரலை மாரிச்செல்வி இன்னும் போனில் வைத்திருக்கிறாள்.

இந்தத் தடவையும் அந்தக் குரல் வரும் என்றுதான் அவள் காத்திருந்தாள். டீச்சர் வீட்டு எண்ணை அடித்துக்கொண்டே இருந்தாள். யாரும் எடுக்கவில்லை. டீச்சரின் எண்ணுக்கே 'டீச்சர், இருக்கீங்களா?' என்று ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். எனக்குக் காட்டினாள். இரண்டு டிக் விழுந்திருந்தது, நீலமாகவில்லை. "போயிருக்குல்ல? போனு ஆன்லதான் இருக்கு. அப்ப யாரோ சார்ஜ் போட்டிருக்காக. செத்த வீட்ல எவ சார்ஜ் போடுவா?" அவள் பேச்சில் இருந்த ஆசையைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

குரூப்பில் ஞாபகங்கள் கொட்டிக்கொண்டிருந்தன, எல்லாம் ஒரே ஞாபகம். அந்தக் காலத்தில் எங்களில் பாதிப் பேர் வாரத்தில் பாதி நாள் தீப்பெட்டி ஆபீசுக்கு, குச்சி அடுக்கத்தான் போவோம். காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்துக்கு வீட்டிலிருந்து சேதி அனுப்பிவிடுவார்கள். கனகலட்சுமி டீச்சர் அந்தச் சேதியை வாங்கிக்கொள்ளவே மாட்டார். சாயங்காலம் தன் ஊருக்குப் போகும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டு வாசலில் வந்து நிற்பார். யாரையும் எதுவும் கேட்கமாட்டார். விரல்களை மடக்கி, புறங்கையைப் பிள்ளையின் காதுக்குக் கீழே, கழுத்தில் வைப்பார். சுட்டால் மாத்திரை வாங்கிக்கொடுத்துவிட்டுப் போவார். சுடாவிட்டால், "நாளைக்கு வந்துரு" என்ற ஒரே வார்த்தைதான். பெற்றவர்கள் தலை குனிந்துவிடும். டீச்சர் எங்க வீட்டுக்கு மட்டும்தான் வந்தாங்க என்று ஒவ்வொருவரும் பெருமையாகப் போட்டிருந்தார்கள். நானும் அன்றுவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மாரிச்செல்வி மட்டும் எதுவும் போடவில்லை. அவள் வீட்டுக்கு டீச்சர் எத்தனை தடவை வந்தார் என்று மம்சாபுரத்துக்கே தெரியும்.

வல்லரசு மறுபடி கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏ மாரி, இன்னுமா போடல? நாலு மணிக்கு எடுக்காகளாம். தேர் பக்கம், வீட்டு முக்கு, ரெண்டு எடத்துலயும் கட்டணும்."

"நீ அவிய வீட்ல பேசினியா?"

"நான் எங்க பேச? குரூப்புலதான் பாத்தேன்."

"குரூப்புல பாத்தியோ. பேசாத பொறவு எப்பிடிலே சொல்லுத?"

"நம்ம டீச்சருக்கே பேனர் இல்லாமப் போயிறக் கூடாது, மாரி. என்னால வர முடியாது. நீயாச்சும் செய்" என்றான். அவள் போனை வைத்துவிட்டுக் கையைச் சுடிதாரில் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். பின்னாலிருந்து மெஷின் ஓட்டும் மலைச்சாமி அண்ணன், "ரோல் மாட்டியாச்சும்மா, போடவா?" என்று கேட்டார்.

"நான் சொல்லாமப் போட்றாதீகண்ணே" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்தாள். "ஏட்டி, வண்டிய எடு. நேர்ல போயிப் பாத்துருவோம்."

கடையை அப்படியே சாத்தினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் என்ன சீமையிலா இருக்கிறது? ஆனால் அன்றைக்கு வழி நீண்டுகொண்டே போயிற்று. வன்னியம்பட்டி விலக்கில் ஒரு மில் பஸ் குறுக்கே நின்றபோது, பின்னாலிருந்து என் தோளை இறுக்கிக்கொண்டு சொன்னாள். "போன தடவ மாதிரி இருந்தா நல்லா ஏச்சு வாங்கணும்ட்டி. எம்புட்டு ஏசினாலும் வாங்கிக்கிடலாம்." எனக்கும் அந்த ஏச்சு வேண்டியிருந்தது. நடுநடுவே போனை எடுத்து அந்த டிக்கைப் பார்த்துக்கொண்டாள். அவள் அசையும்போதெல்லாம் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது.

ரத வீதியிலிருந்து டீச்சர் தெருவுக்குள் திரும்பும்போதே சத்தம் கேட்டுவிட்டது. பெண்கள் சேர்ந்து அழுகிற சத்தம். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அவள் விதிப்படி இனி மலைச்சாமி அண்ணனுக்கு ஒரு போன் போட வேண்டியதுதான் பாக்கி. அவளோ செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் உள்ளே போனாள்.

ஐஸ் பெட்டி இன்னும் வந்து சேரவில்லை. கூடத்தில் பெஞ்சின் மேல் டீச்சரைப் படுக்கவைத்திருந்தார்கள். வாய் திறக்காமலிருக்க நாடியைச் சுற்றித் துணி கட்டி, நெற்றியில் காசு வைத்திருந்தார்கள். தலைமாட்டில் விளக்கு எரிந்தது. பக்கத்து ஸ்டூலில் சார்ஜ் வயரோடு டீச்சரின் போன் கிடந்தது. டீச்சரின் மகள் எங்களைப் பார்த்ததும், "அம்மாவோட பிள்ளைகளா?" என்று கேட்டுப் பெரிதாக அழுதார். நானும் அவரோடு சேர்ந்து அழுதேன். மாரிச்செல்வி அழவில்லை. டீச்சர் ஏதோ சொல்லப்போகிறார் என்பதுபோல அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் போன் அடிக்கத் தொடங்கியது. கூட்டத்தில் ஒரு பெரியவர் திரும்பி முறைத்தார். அவள் கவனிக்கவில்லை. பெஞ்சுக்குப் பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்தாள். வலது கை விரல்களை மெல்ல மடக்கினாள். புறங்கையை டீச்சரின் காதுக்குக் கீழே, நாடித் துணியைக் கொஞ்சம் ஒதுக்கி, கழுத்தில் வைத்தாள்.

அங்கேயே வைத்திருந்தாள். போன் நின்று, மறுபடி அடித்தது. இடது கையால் எடுத்தாள்.

"ம். போட்ருங்கண்ணே" என்றாள்.

வலது கையை அவள் எடுக்கவில்லை.