ஹமீது பாய் அடுப்புக்கு வந்த உத்தரவு

நேற்று பேத்தியின் பிறந்தநாளுக்கு அட்டைப்பெட்டியில் ஒரு கேக் வந்தது. எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள். என் மூக்குதான் ஒத்துக்கொள்ளவில்லை. நெய்யும் ஏலக்காயும் சவுக்கு விறகுப் புகையும் சேர்ந்து வந்தால்தான் அது கேக். கிழவனுக்கு வேறு வேலையில்லை என்று மருமகள் நினைத்திருப்பாள். நினைக்கட்டும், உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

காரைக்காலில் அப்போது நகரசபை அலுவலகத்தை மேரி என்போம். பிரெஞ்சுக் கொடி இறங்கி ஓரிரு வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பெயரும் போகவில்லை, காகிதங்களில் பிரெஞ்சும் போகவில்லை. நான் அங்கே குமாஸ்தா. நெரவியிலிருந்து தினமும் சைக்கிள். என் எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் உத்தரவுகளை எழுதும் வேலை எனக்கே வரும். அதில் எனக்கு ஏகப்பட்ட கர்வம்.

வேலைக்குப் போகும் வழியில் ஹமீது பாயின் ரொட்டிக்கடை. சைகோனில் பத்து வருஷம் இருந்து தொழில் பழகி வந்தவர். ஆள் நுழைகிற அளவுக்குச் செங்கல் அடுப்பு, அதிலிருந்து முழங்கை நீளத்துக்கு ரொட்டி. சுடச்சுடப் பிய்த்து டீயில் நனைத்துத் தின்றால்தான் எனக்குப் பொழுது விடியும். நோன்புப் பெருநாளுக்கு முந்தின நாள் மட்டும் அவர் ரொட்டி போடமாட்டார். அன்று அடுப்பு தெருவுக்குச் சொந்தம். முட்டையும் சீனியும் நெய்யும் மாவும் அடித்து ஊற்றிய கேக் தட்டுகளை வீட்டுக்கு வீடு கொண்டுவந்து வைப்பார்கள். அடையாளத்துக்குத் தட்டின் காதில் ஒரு கலர் நூல். வீட்டில் சட்டிக்கு மேலும் கீழும் கங்கு போட்டுச் சுட்டால் பாதி கருகும், பாதி வேகாது. பாய் அடுப்பில் அந்த வம்பே கிடையாது.

கடைக்கு அடுத்த வீடு மைமூன் லாத்தாவுடையது; லாத்தா என்றால் அக்கா. கணவர் கப்பலில், வீட்டில் அவரும் மகளும்தான். ஓலைக் கூரை. சித்திரைக் காற்றில் பாயின் புகைபோக்கியிலிருந்து ஒரு பொறி பறந்து கூரையில் விழுந்து, ஒரு முழம் எரிந்துவிட்டது. அக்கம்பக்கத்தார் ஓடிவந்து அணைத்தார்கள். மறுநாளே லாத்தா மேரியில் மனுக் கொடுத்தார். குற்றம் சொல்ல முடியாது, தலைக்கு மேல் தீ. கவுன்சில் கூடியது, ரொட்டிக்கடை லைசென்ஸ் ரத்து என்று முடிவானது.

உத்தரவை நான்தான் எழுதினேன். முதல் எழுத்தின் சுழி சரியாக வரவில்லை என்று மூன்று தடவை எழுதினேன். மை ஒற்றும்போதுதான் யார் பெயர் என்று உறைத்தது. அட மடையா என்று என்னையே திட்டிக்கொண்டேன். கொண்டுபோய்க் கொடுத்து, கையெழுத்து வாங்கி, அடுப்பு வாயில் ஒட்டிவிட்டு வரவும் என்னையே அனுப்பினார்கள். அன்றைக்குப் பார்த்துப் பெருநாளுக்கு முந்தின நாள்.

பாய் என் கையில் இருந்த உறையைப் பார்த்தார்.

"அடுப்புக் காயிதமா தம்பி? தட்டெல்லாம் வந்துடுச்சி. கலக்குன மாவ எப்புடி திருப்பிக் குடுக்குறது? இத மட்டும் சுட்டு எடுத்துட்டு கையெழுத்துப் போடுறேன்."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அடுக்கின் மேலே பச்சை நூல் கட்டிய தட்டு இருந்தது. யாருடையது என்று கேட்டேன். லாத்தாவுடையது என்றார், அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்பதுபோல. மனுக் கொடுத்தது யார் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. முதலில் அந்தத் தட்டைத்தான் உள்ளே தள்ளினார்.

அப்புறம் நடந்ததை மேரியில் யாரிடமும் நான் சொன்னதில்லை. உத்தரவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, லாத்தா வீட்டுக் கூரையில் ஏணியைச் சாய்த்து, ஒரு குடம் தண்ணீரோடு ஏறி நின்றேன். பொறி வந்தால் அணைக்க. லாத்தா வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். என் வேட்டியும் குடமுமாக அந்தக் கோலம் எப்படி இருந்ததோ, சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டு உள்ளே போய் இன்னொரு குடம் கொண்டுவந்து வைத்தார். தன் தட்டு வெந்துவிட்டதா என்று மட்டும் கேட்டார்.

சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் எல்லாத் தட்டுகளும் வீடு போய்ச் சேர்ந்தன. பாய் கையெழுத்துப் போட்டார். ஒட்டுவதற்குப் பசை கொண்டுவர மறந்திருந்தேன். அவரே கொஞ்சம் மைதாவைக் கரைத்து, மிச்சமிருந்த கங்கில் காய்ச்சி, ஆற வைத்துக் கொடுத்தார். அவ்வளவு அவமானமாக நான் எதையும் ஒட்டியதில்லை.

ஐப்பசி மழையில் லாத்தா குடையோடு மேரிக்கு வந்தார்.

"அடுப்பு முதுகுதான் தம்பி எங்க வூட்டுச் சுவரு. புள்ள பெத்த எம் மவ அங்கதான் படுத்திருக்கா. சுவரு சில்லுன்னு கெடக்கு. மூடச் சொன்னதும் நாந்தான், தொறக்கச் சொல்றதும் நாந்தான். எழுதுங்க."

எழுதினேன். அதற்கும் என் முத்து முத்தான எழுத்துதான். கவுன்சில் ஒரே வரியில் பதில் சொன்னது: அந்தத் தெருவில் ஓலைக் கூரை இருக்கும்வரை உரிமம் கிடையாது. பாய் தை மாதம்வரை பார்த்தார். பிறகு பினாங்குக்குக் கப்பலேறிவிட்டார்.

போன மாதம் அந்தத் தெரு வழியாகப் போனேன். எல்லாம் மாடிவீடு, ஓர் ஓலைக்கீற்று கிடையாது. இனி அங்கே அடுப்பு மூட்ட யாரும் தடை சொல்ல முடியாது. மனுக் கொடுக்க ஹமீது பாய்தான் இல்லை.