மேகத்துக்குள்ளே போன என் பொண்ணு

என் பொண்ணு விமானம் ஓட்டுகிறாள். கனடாவில் வடக்குப் பக்கம், ரோடு போகாத ஊர்களுக்கு மருந்தும் தபாலும் கொண்டு போகிற சின்ன விமானம். இதை நான் எங்கள் முடிச்சூரில் சொல்லாத வீடு கிடையாது. காய் வாங்கப் போனாலும் சொல்வேன், தண்ணி லாரிக்கு நிற்கும்போதும் சொல்வேன். கீழ் வீட்டுக்காரி ஒருநாள் கேட்டாள்.

"அதுல எத்தனை பேர் உட்காரலாம்க்கா?"

"அவ ஒருத்தி. பக்கத்துல ஒரு சீட்டு. பின்னாடி முழுக்க சாமான்."

"அப்போ லோடு ஆட்டோன்னு சொல்லுங்க."

"ஆமாண்டி, லோடு ஆட்டோதான். ஆனா மேல போகுது. உன் மருமகன் காரு பல்லாவரம் பாலத்தையே ஏற மாட்டேங்குதே."

சிரித்துக்கொண்டே குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

நான் மூணாவது வரைக்கும்தான் படித்தேன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அதனால் என் பொண்ணு எனக்கு எழுதி அனுப்ப மாட்டாள், போனில் பேசி அனுப்புவாள். கிளம்பும்போது "அம்மா, வரேன்." இறங்கினதும் "அம்மா, வந்துட்டேன்." எங்கள் வீட்டில் போறேன் என்று சொல்லிவிட்டு யாரும் வாசலைத் தாண்டினதில்லை. அந்தக் குளிரிலும் அவள் அதை விடவில்லை. அவளுக்கு விடிகிற நேரம், எனக்கு விளக்கு வைக்கிற நேரம்.

என் வீட்டுக்காரர் தவறினதிலிருந்து நான் தனியாகத்தான் இருக்கிறேன். அவள் திரும்பி வந்து இங்கேயே இருக்க மாட்டாளா என்று தினமும் நினைப்பேன். ஆனால் வாயைத் திறந்து வா என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அவளாகச் சொல்லட்டும், கூப்பிட்டு வரவழைத்தது மாதிரி இருக்க வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

போன மார்கழியில் ஒருநாள் சாயங்காலம் "வரேன்" வந்தது. விளக்கேற்றினேன். சீரியல் முடிந்தது. தோசை வார்த்து, தட்டில் போட்டு, அப்படியே மூடி வைத்தேன். "வந்துட்டேன்" வரவில்லை. போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். பகலெல்லாம் தாம்பரத்தில் விமானப்படைப் பயிற்சிக்காரர்கள் ஓட்டுகிற விமானம் எங்கள் மாடி மேலேயே சுற்றும். இருட்டின பிறகு ஒன்றும் இல்லை. இங்கிருந்து அண்ணாந்தால் அவள் தெரியப்போகிறாளா என்ன? இருந்தாலும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அப்புறம்தான் வீடியோவில் கூப்பிட்டாள். ஏதோ ஒரு அறையில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. கையில் காகிதக் கப்பு.

"அம்மா, வந்துட்டேன். ஆனா போக வேண்டிய ஊருக்குப் போகலை. கிளம்பின ஊருக்கே திரும்பிட்டேன்."

"எதை மறந்துட்டுப் போனே?"

சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இறக்கையில பனி பிடிச்சிடுச்சும்மா. பிடிக்கும்னு யாருமே சொல்லலை. வானிலை ரிப்போர்ட்லயும் இல்லை. மேகத்துக்குள்ள நுழைஞ்சேன், முன் கண்ணாடி மங்கிப்போச்சு. துடைச்சேன், போகலை, வெளிப்பக்கம். அப்புறம் பார்க்கறேன், இறக்கையோட முன் ஓரமெல்லாம் வெள்ளை. நம்ம பழைய ஃப்ரிட்ஜ்ல ஃப்ரீசர் பூரா பிடிச்சிருக்குமே, அது மாதிரி."

"தட்டி விட வேண்டியதுதானே?"

"எப்படி, எழுந்து போயா? பெரிய விமானத்துல அதுக்கெல்லாம் வழி இருக்கு. என்னோடதுல கிடையாது. பனி ஏறினா இறக்கையோட வடிவமே மாறிடும்மா. காத்து அதைத் தூக்காது. என்ஜினை முழுசா முடுக்கியும் வேகம் குறைஞ்சுக்கிட்டே வருது."

எதிரில் உட்கார்ந்து பேசுகிறாளே, அப்புறமென்ன என்று என்னையே அதட்டிக்கொண்டேன்.

"கீழ இறங்கினா மேகத்தை விட்டு வெளிய வரலாம், ஆனா கீழ மலை. மேல ஏற அதுக்குத் தெம்பில்லை. வந்த வழியில மேகமில்லைன்னு தெரியும். அதனால ரொம்பச் சாய்க்காம, மெள்ளமா வட்டம் போட்டுத் திருப்பினேன். ரேடியோல சொன்னேன், மத்தவங்களை ஒதுக்கி எனக்கு வழி விட்டாங்க. இறங்கறப்பதான் பயம். மத்த நாள்ல வேகத்தைக் குறைச்சு இறக்குவேன். பனியோட குறைச்சா கல்லு மாதிரி விழுந்துடும். அதனால வேகமாவே கொண்டுவந்து இறக்கினேன். முன்னாடி ஒண்ணும் தெரியலை. பக்கத்து ஜன்னல் வழியா தரையைப் பார்த்து, பார்த்து..."

"மேகத்துக்குள்ள ஏன்டி போனே?"

"அதான் நான் பண்ண தப்பு. இந்த ஊர்ல பிறந்தவங்க குளிர்காலத்துல மேகத்தைப் பார்த்தா நூறு யோசனை பண்ணுவாங்க. நான் நம்ம ஊர்க்காரி. மேகம்னா எனக்குச் சந்தோஷம்தானே வருது? சுத்திப் போயிருக்கலாம். கொஞ்சம்தானே இருக்குன்னு பூந்துட்டேன்."

"நம்ம ஊர்லயே இப்போ அப்படி இல்லடி. வெள்ளம் வந்ததுலேர்ந்து முடிச்சூர்ல மேகம் கறுத்தாலே சாமானைப் பரண்ல ஏத்தறாங்க."

"எனக்குத் தெரியாதேம்மா. அப்போ நான் அங்க இல்லையே."

அவள் கப்பைக் கீழே வைத்தாள்.

"அம்மா, நான் அங்கேயே வந்துடட்டுமா? உன்கூடவே."

எத்தனை வருஷமாக இதற்குக் காத்திருந்தேன்! வந்துடு என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே டிக்கெட் எடுத்திருப்பாள். ஆனால் அந்தக் குரல் சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியில் ரத்தத்தோடு ஓடிவந்த பிள்ளையின் குரல். அந்தக் குரலிடமிருந்து நான் எதையும் வாங்கக் கூடாது. இங்கே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, மேலே ஒவ்வொரு விமானம் போகும்போதும் பேச்சை நிறுத்தி அண்ணாந்து பார்ப்பாள். அதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்?

"முதல்ல சூடா ஏதாவது சாப்பிடு. தூங்கு. நாளைக்குக் கேளு, சொல்றேன்" என்றேன்.

போனை வைத்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் அறைக் கட்டிலில் போட்டிருந்த பழைய துணியெல்லாம் எடுத்தேன். பீரோவிலிருந்து பூப்போட்ட பெட்ஷீட்டை எடுத்து விரித்தேன். தலையணைக்கு உறை மாற்றினேன். ஜன்னலைத் திறந்து வைத்தேன். நாளைக்கும் கேட்டாளானால் சரி என்று சொல்லிவிடுவது, அதுதான் என் கணக்கு.

மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கூப்பிட்டாள். முகம் தெளிந்திருந்தது. விமானத்தைக் கழுவி, எல்லாம் சரிபார்த்துவிட்டார்களாம். நேற்று ஏற்றின மருந்து இன்னும் போய்ச் சேரவில்லையாம், இன்றைக்கு அவளே கொண்டு போகிறாளாம். வானம் சுத்தமாக இருக்கிறதாம். கடகடவென்று சொல்லிக்கொண்டே போனவள் கொஞ்சம் நிறுத்தினாள்.

"நேத்து நான் உன்கிட்ட ஒண்ணு கேட்டேன்ல..."

"என்ன கேட்டே?"

என்னைப் பார்த்தாள். நானும் மறந்துபோனவள் மாதிரி முகத்தை மாற்றாமல் பார்த்தேன்; அவளுக்கு வேணுமென்றால் திரும்பக் கேட்கட்டும்.

"ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிவிட்டு ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டினாள். அதை மாட்டினதும் அவள் முகமே வேறு. நிமிர்ந்து, அழகாக, எனக்கு எட்டாத தூரத்தில்.

தை பிறந்து, மாசியும் வந்துவிட்டது. அந்தப் பெட்ஷீட்டை நான் இன்னும் எடுக்கவில்லை. கீழ் வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "பொண்ணு வராளாக்கா?" என்றாள். "வேலை ஜாஸ்தி, அவ இல்லாம அங்க ஒண்ணும் நகராது" என்று சொன்னேன். மத்தியானத்தில் சில நாள் அந்தக் கட்டிலில், சுவர் ஓரமாக ஒண்டிப் படுத்துக்கொள்கிறேன். மீதி இடம் அப்படியே இருக்கட்டும்.