சாவி என் கையில் இருந்த மத்தியானம்

பேசிக்கொண்டிருக்கும்போதே சித்தி சட்டென்று நிறுத்தி, பக்கத்து அறையில் யாரோ கூப்பிட்டதுபோலத் தலையைச் சாய்த்துக் கேட்பாள். எங்கள் வீட்டில் பக்கத்து அறை என்று ஒன்று கிடையாது. ஒரு கூடம், ஒரு சமையலறை, பின்கதவைத் திறந்தால் கிணறு. திருவண்ணாமலையில் வாடகைக்கு அவ்வளவுதான் கிடைத்தது.

அம்மாவின் தங்கை அவள். கீழ்பென்னாத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒருநாள் அவள் மாமனார் பஸ்ஸில் கூட்டிவந்து, "கொஞ்ச நாள் வெச்சிருந்து அனுப்புங்க" என்று விட்டுப்போனார். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று அவரும் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை.

வந்த வாரமே சமையலறைச் சுவரில் கரித்துண்டால் கவிதை எழுத ஆரம்பித்தாள். அம்மா ஈரத்துணியால் அழிப்பாள். சித்தி மறுபடி எழுதுவாள். "பாட்டு கட்டுறா" என்று அக்கம்பக்கத்தில் அம்மா சமாளித்தாள். ஜவுளிக்கடையில் வேலை பார்த்த அப்பா, "படிப்பு ஜாஸ்தியாயிடுச்சு" என்று காரணம் கண்டுபிடித்தார். பௌர்ணமிக்கு மலை சுற்றக் கூட்டிப்போனோம். அடி அண்ணாமலை வரை ஒழுங்காக நடந்தவள், அங்கே நின்று மலையைப் பார்த்துக் கைகூப்பி, "நீயாவது என்கிட்ட பேசாம இரு" என்றாள். பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருத்தி, என்ன பக்தி என்று உருகிப்போனாள்.

எனக்கு அவளைக் கண்டாலே பயம். மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு மத்தியானம். ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வந்திருக்கிறது என்று அம்மா டின்னை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவள் தெருமுனை திரும்பியிருக்கமாட்டாள், சித்தி எழுந்து வாசற்கதவின் மேல்தாழைப் போட்டாள். எனக்கு எட்டாத தாழ். பிறகு பின்கதவைப் பூட்டி, சாவியை என் கையில் வைத்து விரல்களை மூடினாள். அவள் கை சில்லென்று இருந்தது.

"பாப்பா, நானே கேட்டாலும் குடுக்காத. இப்ப நான் சொல்றத நீ திருப்பிச் சொல்லு."

என் மணிக்கட்டைப் பிடித்தபடி சொல்ல ஆரம்பித்தாள்.

"கிணற்றுக்குள்ளிருந்து என்னைக் கூப்பிடுகிறார்கள்,
இல்லையென்று சொல்லிவிடு, கதவே.
என் குரலிலேயே கூப்பிடுகிறார்கள்,
இல்லையென்று சொல்லிவிடு, சுவரே."

சொன்னேன். சொல்லச் சொல்ல, கிணற்றுக்குள் நிஜமாகவே யாரோ உட்கார்ந்திருப்பதாக எனக்குத் தோன்றியது. திடீரென்று அவள் தலையைச் சாய்த்தாள். முகம் மாறியது.

"சாவியக் குடு கண்ணு. தண்ணி மொண்டுக்கிட்டு வந்துடறேன்."

சமையலறையில் குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. நான் அரிசி மூட்டை ஓரமாக ஒண்டிக்கொண்டேன். அவள் கெஞ்சினாள். பிறகு, "குடுடி!" என்று கத்தினாள்; பின்கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். பாவாடை நனைந்துவிட்டது எனக்கு. தைரியத்தால் கொடுக்காமல் இருந்தேன் என்று இல்லை, விரல் பிரியவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அந்த வரிகளையே கத்திச் சொன்னேன், அழுதுகொண்டே, கதவையும் சுவரையும் மாற்றி மாற்றி.

அவள் கதவை அறைவதை நிறுத்தினாள். என் எதிரில் வந்து உட்கார்ந்து, மெல்ல என்னோடு சேர்ந்து சொல்லத் தொடங்கினாள். அம்மா வந்து தட்டும்வரை இருவரும் சொல்லிக்கொண்டே இருந்தோம்.

சித்திதான் தாழை எடுத்தாள். என் பாவாடையைப் பார்த்த அம்மா, டின்னைக்கூடக் கீழே வைக்காமல் அவள் கன்னத்தில் அறைந்தாள்.

"கொழந்தைய உள்ள போட்டுப் பூட்டுவியாடி?"

"அவளப் பூட்டலக்கா" என்றாள் சித்தி.

அம்மா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சாவியை எடுத்தாள். பின்கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, தங்கையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அழுதாள். அடித்துவிட்டு எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாளே வேலூருக்கு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். மாத்திரை, ஊசி, தூக்கம். நல்ல நாளும் வந்தது, கெட்ட நாளும் வந்தது. சித்தி எங்களோடு பல வருஷம் இருந்தாள். சுவரில் எழுதினாள், அம்மா அழிப்பதை விட்டுவிட்டாள்.

வேலூரிலிருந்து திரும்பி வந்த அன்று சித்தி என் பக்கத்தில் உட்கார்ந்து, என் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டாள். சாவி கொடுக்காததற்குக் கடிக்கப்போகிறாள் என்று நினைத்து, கையை உருவிக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன்.